கடலில் எரிமலை வெடித்துப் பிறக்கும் தீவுகள் நிலைத்து நிற்குமா?

கேட்டிருப்பது இது: கடலில் எரிமலை வெடித்துப் புதிய தீவு தோன்றியதாக அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தத் தீவுகள் அப்புறம் என்ன ஆகின்றன? நிலைத்து நிற்குமா?

நிற்காது. நேற்றுத் தோன்றிய தீவு மட்டுமில்லை, ஆழ்கடலின் நடுவே எரிமலையால் எழுந்த எந்தத் தீவும் கடைசிவரை நிற்காது. ஒன்று சில வாரத்தில் கரையும், இன்னொன்று இரண்டு கோடி ஆண்டு தாக்குப்பிடிக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். நிலவியல் படித்த நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், குழம்பு எங்கிருந்து வருகிறது? பூமியின் ஓட்டுக்குக் கீழே நெருப்புக் குழம்பு கடல்போலத் தளும்பிக்கொண்டிருக்கிறது, ஓட்டை விழுந்த இடத்தில் பீறிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாடப் படத்தில் அந்த அடுக்குக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருந்ததால் நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஓட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் கெட்டிப் பாறை. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்தும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், மேலிருந்து அழுத்தும் எடை. சில இடங்களில் இந்தச் சூடான பாறை மிக மெதுவாக மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் தளர்கிறது. புதிதாக வெப்பம் எதுவும் சேர வேண்டியதில்லை. அழுத்தம் தளர்ந்தாலே பாறையில் ஒரு சிறு பங்கு உருகிவிடும். அந்த உருகல்தான், ஆறினால் பசால்ட் என்ற கரும்பாறையாகும் குழம்பாக மேலே வந்து ஹவாயையும் ரீயூனியனையும் கலாபகோஸையும் கட்டியது.

டோங்கா, இந்தோனேசியா, ஜப்பான் பக்கத்து எரிமலைத் தீவுகளின் பிறப்பு வேறு மாதிரி. பூமியின் ஓடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது; அங்கே அப்படி ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் செருகிக்கொண்டு இறங்குகிறது. கூடவே இறங்கும் நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. இந்த வகைக் குழம்பு பெரும்பாலும் பிசுபிசுப்பானது, வாயு வெளியேற வழியில்லாமல் அடைபட்டது. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை அத்தனை ஆவேசமாக வெடித்தது அதனால்தான்.

சரி, பிறப்புக்கு வருவோம். இதில் நீரின் ஆழம்தான் எல்லாம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் எரிமலை பொங்கினால் மேலே சத்தமே கேட்காது. அத்தனை நீரின் எடைக்குக் கீழே நீராவியால் விரிய முடியாது. வெளியே வரும் குழம்பு உடனே தோல் கட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாகக் குவியும். பார்ப்பதற்குத் தலையணை அடுக்கியது போலிருப்பதால் தலையணை லாவா என்றே பெயர். இப்படிக் குவிந்து குவிந்து உச்சி கடல்மட்டத்தை நெருங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. ஆழம் குறைந்த நீர் குழம்பைத் தொட்டதும் ஆவியாகி வெடிக்கிறது, குழம்பு பொடிப்பொடியாகச் சிதறுகிறது. அந்த நேரத்தில் எழும் தீவு வெறும் சாம்பல் மேடு. அலைக்கு அது மணல் வீடு மாதிரிதான்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று ஐஸ்லாந்தின் சர்ட்சே தீவு. 1963 நவம்பர் 14 காலை, தென்கரைக்கு அப்பால் இருந்த மீன்பிடிப் படகொன்றில், கடலிலிருந்து கரும்புகை எழுவதைப் பார்த்தார்கள். ஏதோ கப்பல் தீப்பிடித்திருக்கிறது என்று நினைத்து உதவப் போனார்கள். போய்ப் பார்த்தால் கடலே வெடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஆழம் சுமார் 130 மீட்டர். மறுநாள் தீவு தலைகாட்டிவிட்டது. மாதக்கணக்கில் சாம்பல் கொட்டியது, குளிர்காலப் புயல்கள் அதை அரித்தன. 1964 ஏப்ரல் வாக்கில் எரிமலை வாய்க்குள் கடல்நீர் நுழையும் வழி அடைபட்டது. அதுவரை சிதறிக்கொண்டிருந்த குழம்பு அப்புறம் லாவாவாக வழிந்து, சாம்பல் மேட்டின் ஒரு பக்கத்தைக் கெட்டியான பாறையால் மூடியது. சர்ட்சே பிழைத்தது அந்த மூடியால்தான்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், பக்கத்திலேயே பிறந்த அதன் உடன்பிறப்புகள். 1965-இல் சிர்ட்லிங்கர் என்ற தீவு தோன்றியது. அந்த இலையுதிர் காலத்திலேயே போய்விட்டது. அடுத்து யோல்னிர் வந்தது. 1966-இல் அதுவும் போனது. அதே கடல், அதே குழம்பு, அதே அலைகள். இரண்டின் மேலும் லாவா வழியவே இல்லை. சர்ட்சேயின் வெடிப்பு 1967 ஜூனில் ஓய்ந்தபோது தீவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். இன்று ஏறத்தாழ அதில் பாதிதான் மிச்சம். ஆனாலும் உள்ளே இருந்த சாம்பல், வெப்பமும் நீரும் சேர்ந்து வேலை செய்ததில் பழுப்பு நிறப் பாறையாக இறுகிவிட்டது. அந்த நடுப்பகுதி நீண்ட காலம் நிற்கும். விஞ்ஞானிகளைத் தவிர யாரும் அங்கே இறங்கக் கூடாது என்று தடை இருக்கிறது. வெற்றுப் பாறையில் உயிர் எப்படித் தொற்றிக்கொள்கிறது என்பதைத் தொடக்கத்திலிருந்தே பார்க்கக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் காத்து வருவது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

சாம்பல் தீவுகளின் கதி பழைய காலத்திலும் இதுதான். 1831-இல் சிசிலிக்குத் தெற்கே ஒரு தீவு எழுந்தது. பிரிட்டன் கொடி நட்டது, அன்று சிசிலியை ஆண்ட இரு சிசிலிகளின் அரசு உரிமை கோரியது, பிரான்ஸும் சேர்ந்துகொண்டது. யாருக்குச் சொந்தம் என்று முடிவாவதற்குள், சுமார் ஆறே மாதத்தில், தீவு கடலுக்குள் போய்விட்டது. டோங்காவில் 2015 தொடக்கத்தில் இரண்டு சிறு தீவுகளுக்கு நடுவே எழுந்த நிலமும் சில மாதத்தில் கரைந்துவிடும் என்றே எதிர்பார்த்தார்கள். அது ஏழு ஆண்டு நின்றது. வெதுவெதுப்பான கடல்நீரோடு வினைபுரிந்து சாம்பல் இறுகியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். கடைசியில் அதை அலை கொண்டுபோகவில்லை. 2022 ஜனவரி 15-ஆம் தேதி அதைப் பெற்ற ஹுங்கா டோங்கா எரிமலையே அதைச் சிதறடித்தது. அன்றைய புகைத்தூண் 57 கிலோமீட்டர் உயரம் போனது. அதன் காற்றழுத்த அலை உலகத்தைச் சுற்றி வந்தது.

இந்தக் குழந்தைப் பருவத்தைத் தாண்டிய தீவுகளுக்கு அலை பெரிய பகை இல்லை. அவற்றை இழுப்பது அவற்றின் எடை. ஹவாயின் மௌனா லோவா எரிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். கடல்தரையிலிருந்து அளந்தால் சுமார் ஒன்பது கிலோமீட்டர். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்தப் பாரம் தாங்காமல் கடல்தரையே கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் அமுங்கியிருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை மலையின் மொத்த உயரம் 17 கிலோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரிவது அதில் கால் பங்குதான். தலைச்சுமை ஏற ஏறக் கால் சேற்றில் புதைவது மாதிரி, எரிமலை வளர வளரத் தானே தன்னை அழுத்திக்கொள்கிறது. புதைவதைவிட வேகமாகக் குழம்பு கொட்டும் வரைதான் தீவு உயரும்.

குழம்பு ஏன் நிற்கிறது? தீவு நகர்ந்துவிடுவதால். பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வடமேற்கே போகிறது. கீழே குழம்பு ஊறும் சூடான இடம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆக, பழைய எரிமலை ஊற்றைவிட்டு விலகும், புதியது அந்த இடத்தில் கிளம்பும். 1963-இல் கனடாவின் புவி இயற்பியலாளர் டூசோ வில்சன் முன்வைத்த விளக்கம் இது. வயதைப் பார்த்தாலே வரிசை தெரியும்: தென்கிழக்கில் இருக்கும் பெரிய தீவு பத்து லட்சம் ஆண்டுக்குள், வடமேற்கே கௌவாய் சுமார் ஐம்பது லட்சம், அதையும் தாண்டி வெகு தொலைவில் குரே சுமார் இரண்டு கோடியே எண்பது லட்சம். அதற்கு அப்பால் வரிசை கடலுக்கு அடியில் தொடர்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர்.

ஹவாய் மக்களின் பழங்கதையும் இதே வரிசையைச் சொல்கிறது. எரிமலைத் தெய்வம் பெலே முதலில் கௌவாயில் குழி தோண்டுகிறாள். அவளுடைய அக்கா, கடல் தெய்வம், துரத்தி வந்து அணைக்கிறாள். பெலே ஓவாஹு, மௌயி என்று தென்கிழக்கே ஓடி, கடைசியில் பெரிய தீவின் கிலாவேயா எரிமலையில் குடியேறுகிறாள். எந்தத் தீவின் மலைகள் அதிகம் அரிபட்டிருக்கின்றன, எதில் கரும்பாறை இன்னும் புதிதாக இருக்கிறது என்று கவனித்துப் பார்த்தவர்களின் அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். முதன்முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

ஊற்றைவிட்டு விலகிய தீவு பல வழிகளில் குறைகிறது. அடியில் உள்ள தட்டு குளிர்ந்து கனத்துத் தாழும். மழையும் ஆறும் அரிக்கும். சில சமயம் தீவின் ஒரு பெரும்பகுதியே பிய்த்துக்கொண்டு கடலில் சரியும். ஓவாஹுவின் கிழக்கு எரிமலை அப்படிப் பாதியை இழந்தது. சரிந்துபோன துண்டுகளில் ஒன்று மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்தில் கடல்தரையில் கிடக்கிறது.

வெப்பமான கடலாக இருந்தால் இந்த இடத்தில் பவளம் வந்து சேர்கிறது. மலை இறங்க இறங்க, அதைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளரும். மலை முழுதும் மறைந்த பின்னும் பவள வளையம் மட்டும் மிஞ்சும். இதை 1842-இலேயே டார்வின் எழுதிவிட்டார். நிரூபிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1952-இல் பசிபிக்கின் எனவெட்டாக் பவளத்தீவில் துளையிட்டார்கள். பவளச் சுண்ணாம்பு 1,200 மீட்டருக்கும் மேல் போய்க்கொண்டே இருந்தது; அதற்கு அடியில் பசால்ட். ஆழமில்லாத நீரில் மட்டுமே வளரும் பவளம் அத்தனை கீழே கிடக்கிறது என்றால், தரை அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

இப்படிப்பட்ட வளையத் தீவுகளைக் குறிக்க உலகம் முழுக்கப் பயன்படும் அட்டோல் என்ற சொல் மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து போனது. மாலத்தீவும் ஒரு எரிமலை வரிசையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்று ரீயூனியனுக்கு அடியில் இருக்கும் சூடான இடத்தின் மேல் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் இந்தியத் தட்டு இருந்தது; தக்காணத்தின் பசால்ட் அடுக்குகள் அப்போது கொட்டியவை என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தட்டு வடக்கே போகப் போக லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று வரிசை நீண்டு, பிறகு மொரீஷியஸ், இப்போது ரீயூனியன். அங்கே பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை இன்னும் அடிக்கடி பொங்குகிறது. லட்சத்தீவு முதல் சாகோஸ் வரை முன்னால் எழுந்த எரிமலைகள் எல்லாம் பவளத்துக்கு அடியில்.

பவளமும் எப்போதும் காப்பாற்றாது. குரே தீவு இருக்கும் அளவுக்கு வடக்கே போய்விட்டால் நீர் குளிர்ந்துவிடும். பவளத்தின் வளர்ச்சி தரை இறங்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதைத் தாண்டியவை தட்டையான உச்சியுள்ள கடலடி மலைகளாக மட்டும் மிஞ்சுகின்றன. இரண்டாம் உலகப் போரில் கப்பல் செலுத்திய ஹாரி ஹெஸ் என்ற நிலவியலாளர், ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவியை ஓயாமல் ஓடவிட்டு இத்தகைய மலைகளைக் கண்டுபிடித்தார்.

மூழ்கிய தீவு முழுக்க வீணாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கலாபகோஸில் இன்று நீருக்கு மேல் இருக்கும் தீவுகளின் வயது சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். அங்கே மட்டும் வாழும் இகுவானா என்ற பெரிய பல்லிகளின் வம்சம் அதைவிடப் பழையது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. எங்கே இருந்தன என்ற கேள்விக்கு, கிழக்கே மூழ்கிக் கிடக்கும் பழைய தீவுகள் பதிலாயின. தீவு மூழ்குவதற்குள் உயிர்கள் அடுத்த தீவுக்குத் தாவிவிட்டன.

இதில் எல்லாத் தீவுக்கும் ஒரே கணக்கு கிடையாது. கேனரித் தீவுகள் இருக்கும் ஆப்பிரிக்கத் தட்டு மிக மெதுவாக நகர்கிறது, அங்கே கடல்தரையும் அதிகம் அமுங்கவில்லை. ஃபுவெர்ட்டவென்ச்சுரா இரண்டு கோடி ஆண்டைத் தாண்டியும் நீருக்கு மேல் நிற்பது அதனால்தான். ஹவாயில் அந்த வயதில் பவள வளையம்தான் மிஞ்சும்.

ஆகவே அடுத்த முறை புதிய தீவு பற்றிச் செய்தி வந்தால், மேலே லாவா வழிந்து மூடியதா, இல்லை சாம்பலும் உடைசலும் மட்டும்தானா என்று பாருங்கள். ஜப்பானின் நிஷினோஷிமாவில் 2013 நவம்பரில் எழுந்த புதிய தீவில் லாவா விடாமல் வழிந்தது. சில வாரத்தில் பக்கத்துப் பழைய தீவோடு ஒட்டி, பிறகு அதையே விழுங்கி, இன்றும் நிற்கிறது. அதே ஜப்பானில் 2023 இறுதியில் இவோ ஜிமாவுக்கு அருகே எழுந்த தீவில் உதிரிக் கற்கள்தான் இருந்தன. சில மாதத்தில் அலை அதை எடுத்துக்கொண்டது.