வக்கீல் ஆபீஸுக்கு ஜெராக்ஸ் மெஷின்: எதை வாங்கலாம்?

வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் ஆபீஸ், மாதம் 3,000 பிரதி, ஜெராக்ஸ் மெஷின் புதுசா பழசா ரீஃபர்பிஷ்டா (தேய்ந்த பாகங்களை மாற்றிச் சரிசெய்த பழசு) என்று கேட்டிருந்தீர்கள். இந்த அளவுக்குப் புதுசு வேண்டாம், ரீஃபர்பிஷ்டு போதும். ஆனால் துடைத்துப் பளபளப்பாக்கியதையே அந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. டிரம் (பிரதியின் உருவம் விழும் உருளை), டெவலப்பர் (மைத்தூளை டிரம்முக்குக் கொண்டுபோகும் தூள்), ஃபியூசர் (மையைச் சூட்டில் தாளில் ஒட்டவைப்பது), பிக்கப் ரோலர் (தாளை உள்ளே இழுப்பது) இவற்றில் எதை மாற்றினார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இதுவரை எத்தனை பிரதி ஓடியது என்று காட்டும் கவுன்டர் ரீடிங்கை மெஷினிலேயே பாருங்கள். லீகல் தாளில் இருபக்கப் பிரதி ஐம்பது ஓட்டினால் கோடு, ஜாம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அப்படியே கைமாறும் பழசு மலிவுதான். டிரம் போனால் மிச்சம் பிடித்த காசும் போச்சு.

அப்புறம், மழைக்காலத்தில் நம்ம ஊர்க் கடல் காற்றுக்குத் தாள் நமுத்துச் சிக்கும். பிரித்த தாள் கட்டை மூடியே வையுங்கள். சென்னையில் விலை குறைவு என்று ஓடாதீர்கள். கூப்பிட்டால் அன்றே வரும் மெக்கானிக் கடலூரிலோ பாண்டியிலோ இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.