ஃபிலிம் ரோலும் சேலத்து வெளிச்சமும்: வாசகர் கேள்விகள்

வீட்டில் பழைய ஃபிலிம் கேமரா இருக்கிறது. ஷட்டர் ஓடுகிறது, லைட் மீட்டர் செத்துவிட்டது. சேலத்துக்குள் படமெடுக்க என்ன இருக்கிறது? ஏற்காடுதான் போகவேண்டுமா?
*– வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? கொலுசுப் பட்டறை வாசலில் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய் நில்லுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு டியூப்லைட்டை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தால்தான் வெள்ளி வெள்ளியாகத் தெரியும். கலர் ஃபிலிமில் டியூப்லைட் பச்சை பாய்ச்சிவிடும்.

மீட்டர் இல்லாததால் நஷ்டமில்லை. 400 ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் வேக எண்) ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/500 வினாடி. கட்டட நிழலில் அதே ஷட்டருக்கு எஃப் 5.6. பட்டறைக்குள் வாசலை ஒட்டி எஃப் 2, 1/60. ஷட்டர் அதைவிட மெதுவானால் கை ஆடும். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டியே வையுங்கள். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. ரோல் மாட்டியதும் ரீவைண்ட் குமிழைக் கவனியுங்கள். ஃபிலிமை நகர்த்தும்போது அதுவும் சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. 36 படமும் வெறும் சத்தம்தான்.

ஏற்காட்டில் பனிமூட்டத்தில் எடுத்த படமெல்லாம் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறதே?
*– வாசகி, அஸ்தம்பட்டி*

மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப், அடர்ந்த மூட்டமானால் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்றாவது முன்னால் இருக்கட்டும். கறுப்பு ஒன்று இருந்தால்தான் மூட்டம் வெள்ளையாகத் தெரியும். பூத்த காப்பிச் செடிக்கும், சேகோ ஆலைக் களத்தில் காயும் ஜவ்வரிசிக்கும் இதே கணக்குதான்.

மலையில் குளிர்ந்த கேமராவை அடிவாரத்தில் உடனே வெளியே எடுக்காதீர்கள். சூடான ஈரக்காற்று பட்டதும் லென்ஸில் நீர் பூக்கும், அது உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஜிப் கவரில் மூடியபடியே அரைமணி நேரம் விடுங்கள்.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவுகிறேன். மே மாதம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி. நெகட்டிவில் வெள்ளைத் திட்டுகளும் வருகின்றன.
*– வாசகர், அம்மாப்பேட்டை*

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ரோலுக்கு டி-76 டெவலப்பர் 150 மில்லி, தண்ணீர் 150 மில்லி, 20 டிகிரியில் 11 நிமிடம். ஐஸ் கட்டியைக் கரைசலுக்குள் போடாதீர்கள், அளவு நீர்த்துப்போகும். பாட்டில்களை ஐஸ் தண்ணீர் வாளியில் நிற்கவையுங்கள். 24க்குக் கீழே இறங்கவில்லையா? ஏழரை நிமிடத்தில் நிறுத்துங்கள். டெவலப்பரை நீர்க்காமல் பயன்படுத்தினால் இந்தச் சூட்டில் நேரம் 5 நிமிடத்துக்கு வந்துவிடும். ஊற்றுவதில் சில வினாடி பிசகினாலும் திட்டுத் திட்டாகும். ஃபிக்ஸரும் (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) கழுவும் தண்ணீரும் டெவலப்பரின் சூட்டிலேயே இருக்கட்டும். திடீரென மாறினால் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கி வலை விழும்.

ஃபிக்ஸருக்குப் பிறகு கழுவக் குழாயைத் திறந்துவிட வேண்டாம். டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, கடைசியாக 20 முறை. மூன்று டேங்க் தண்ணீர் போதும்.

நீங்கள் சொல்லும் திட்டு, போர் தண்ணீரின் உப்பாகத்தான் இருக்கவேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் வெட்டிங் ஏஜென்ட் (நீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) சில சொட்டு விடுங்கள். துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

காலாவதியான கலர் ரோல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*– வாசகர், ஓமலூர்*

ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததா என்று முதலில் கேளுங்கள். வெளியே கிடந்ததென்றால் 10 ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்கவேண்டும். அப்படியும் நிறம் மாறும். தட்டுவடை செட் கடையில் சோதித்துப் பார்க்க நன்று, தங்கை கல்யாணத்துக்கு வேண்டாம்.