குழந்தைகளோடு சேர்ந்து சுற்றுச்சூழலுக்கான தொழில்நுட்பத்தை வடிவமைக்க முடியுமா, இல்லை போட்டோவுக்கான வேலையா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஆசிரியர் என்று தோன்றுகிறது. 'பிள்ளைகளை வைத்து ஏதாவது கண்டுபிடியுங்கள்' என்று மேலே இருந்து சொல்லியிருப்பார்கள். கையில் ஒரு மாதமும் ஒரு பெட்டி சென்சாரும் இருக்கும். சரியா?

போட்டோவுக்காகவும் நடக்கிறது. நானே அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எனக்குக் கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை. சில வருடம் முன்பு சனிக்கிழமைகளில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போய்வந்தேன். ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு பேர். அங்கே மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். மாடி டேங்க் நிறைந்து, தண்ணீர் பின்பக்கச் சாக்கடையில் போய்க்கொண்டே இருக்கும். என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். கேட்டேன் என்று பேர்தான், பதில் என் பையில் இருந்தது: அல்ட்ராசோனிக் சென்சார். மூடிக்கு அடியில் மாட்டினால், ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும். நிறைந்தால் பஸ்ஸர் அடிக்கும். பிள்ளைகள் ஒயர் மாட்டினார்கள், கை தட்டினார்கள், போட்டோ எடுத்தோம். மூன்றாவது வாரம் சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் ஈரம் கோத்து, சென்சாரின் உலோகக் கம்பிக் காலெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ஆலிசன் ட்ரூயின் எழுதியதைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்தவர். தொழில்நுட்ப வடிவமைப்பில் குழந்தைக்கு நான்கு இடம் இருக்கலாம் என்று 2002இல் எழுதினார்: பயன்படுத்துபவர், சோதித்துப் பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், வடிவமைப்பில் பங்காளி. என் பிள்ளைகளுக்கு முதல் இடத்தைக்கூட நான் ஒழுங்காகத் தரவில்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து வடிவமைக்கும் அவர் குழுவில், பிள்ளைகள் பெரியவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், பேசக் கை தூக்க வேண்டியதில்லையாம். இங்கே நடக்கிற கதையா? கடைசி வரை நான் 'சார்'தான்.

ஆனால் அவர்கள் செய்யும் ஒரு காரியம் இங்கேயும் நடந்தது. ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு குறை. பெயர் போட வேண்டாம் என்றேன். வாயே திறக்காத பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். ஒரு சீட்டில்: 'பஸ்ஸர் எதுக்கு? தண்ணியே சத்தம் போடும்.'

எழுதிய பெண்ணே பிறகு சொன்னாள். அவள் வீட்டில் டேங்க் நிறைந்தால் தண்ணீர் முற்றத்தில் விழும், சத்தம் கேட்டு அம்மா மோட்டாரை நிறுத்திவிடுவாராம். பள்ளியில் அது யார் காதிலும் விழாத இடத்தில் விழுகிறது. குழாயைத் திருப்பி, ஹெச்.எம். அறையை ஒட்டின சைக்கிள் ஷெட் தகரத்தின் மேல் விட்டால்?

இரண்டு எல்போ, கொஞ்சம் பி.வி.சி. பைப். கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை. முதல் நாளே ஹெச்.எம். வெளியே ஓடி வந்தார். தகரத்திலிருந்து வடிந்தது முருங்கைக்குப் போனது.

இன்ஜினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தண்ணீரில் மிதந்து மட்டம் ஏறியதும் கரண்டை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் போட்டால் மோட்டார் தானாக நிற்கும், எனக்கும் தெரியும். பிள்ளைகளிடமும் சொன்னேன். 'ரிப்பேரானா யார் சார் மாத்துவாங்க?' என்றார்கள். சனிக்கிழமை மட்டும் வருகிறவன் என்ன சொல்ல? அதற்காகப் பிள்ளைகள் சொன்னதெல்லாம் தங்கம் என்றும் சொல்லவில்லை. டேங்குக்குள் மீன் வளர்க்கலாம் என்றுகூட ஒரு சீட்டு இருந்தது.

இதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். நடுவர், 'இதில் டெக்னாலஜி எங்கே?' என்றார். முதல் பரிசு ஒரு தெர்மாகோல் பசுமை நகரத்துக்கு. தெர்மாகோலில் பசுமை! அதுவும் எந்த அப்பா ராத்திரி உட்கார்ந்து ஒட்டியதோ. என் மகள் பள்ளியிலும் இதே கூத்துதான்: மறுநாள் காலை ப்ராஜெக்ட் என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்வாள், நான் ஃபேன்ஸி ஸ்டோர் ஷட்டரைத் தட்டிக்கொண்டு நிற்பேன். போன வருடம் நான் செய்த எரிமலைக்கு பி ப்ளஸ் போட்டார்கள். ஏ எப்படி வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த சென்சார் பெட்டியை முதல் இரண்டு வாரம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பிள்ளைகளோடு பள்ளியைச் சுற்றி நடங்கள், குழாய், மோட்டார் ரூம், குப்பைத்தொட்டி எல்லாம். சீட்டில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள்.