சகாகவியாவின் மக்கள் பிறகு என்ன ஆனார்கள்?

மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் இருவர் தலைமையில் பசிபிக் கடற்கரைக்கு வழி தேடி அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ்-கிளார்க் பயணத்தில் உடன் சென்ற பழங்குடிப் பெண் சகாகவியாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1805-ஓடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய உறவினர்களுக்கு நடந்த அநியாயமோ அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்துத் தொடங்கியது.

அவர்கள் ஷோஷோனி இனத்தின் லெம்ஹை பிரிவினர். இன்றைய ஐடஹோ மாநிலத்தில், மொன்டானா எல்லை மலைகளை ஒட்டிய லெம்ஹை பள்ளத்தாக்குதான் அவர்களுடைய மண். கோடையில் ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன். அது முடிந்ததும் மலையைத் தாண்டிக் காட்டெருமை வேட்டை. சகாகவியாவைச் சிறுமியாக இருந்தபோதே ஹிடாட்சா இனத்தார் பிடித்துச் சென்றுவிட்டனர். 1805 ஆகஸ்டில் அவர் பயணக் குழுவோடு வந்து சேர்ந்தபோது, இங்கே தலைவராக இருந்தவர் அவருடைய சகோதரர் கேமயாவெய்ட். மக்கள் பசியில் இருந்தார்கள். வேட்டைக்குக் கிளம்ப வேண்டிய நேரமும் அதுதான். ஆனாலும் பயணத்தைத் தள்ளிப்போட்டு, வந்தவர்களுக்குச் சுமை தூக்கினார்கள், குதிரைகளை விற்றார்கள், வழிகாட்டியையும் அனுப்பினார்கள். வெள்ளையர் துப்பாக்கிகளோடு வணிகத்துக்கு வருவார்கள் என்று லூயிஸ் கொடுத்த வாக்கும் இதற்கு ஒரு காரணம். துப்பாக்கி வைத்திருந்த எதிரிகளுக்கு அஞ்சி மலைக்குள் ஒதுங்கியிருந்தவர்களுக்கு அது சிறிய ஆசை அல்ல.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் பிற்காலத் தலைவர் டெண்டாய். 1868-இல் அவர் அரசோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். செனட் அதற்கு ஒப்புதலே தரவில்லை. 1875-இல் அதிபர் கிராண்ட் ஆணை பிறப்பித்துச் சுமார் 100 சதுர மைல் நிலத்தை ஒதுக்கினார். ஐந்தே ஆண்டுகளில் அதையும் காலி செய்துவிட்டுத் தெற்கே ஃபோர்ட் ஹால் ஒதுக்கீட்டு நிலத்துக்குப் போகச் சொன்னார்கள். வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று டெண்டாயிடம் ஒப்பம் வாங்கினார்கள். ஊர் திரும்பினால் மக்கள் நகரத் தயாராக இல்லை; அவரும் அவர்களோடு நின்றுவிட்டார். அதற்கு முன்பு 1877-இல் நெஸ் பெர்ஸ் பழங்குடியினருக்கும் அமெரிக்கப் படைக்கும் பக்கத்திலேயே போர் நடந்தபோதும் அவர் ஆயுதம் ஏந்தவில்லை. ஆகவே போர் தொடுத்தவர்கள் என்று சொல்லித் துரத்தவும் வழியில்லை. சண்டை போடாமலே கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு அரசாங்கத்தை இழுத்தடித்தவர் என்றே அவரைச் சொல்வேன்.

1907-இல் டெண்டாய் இறந்தார். அதே ஆண்டு மக்களை ஃபோர்ட் ஹாலுக்குக் குடிபெயர்த்தார்கள். பள்ளத்தாக்கில் இன்று அவர் பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது.

பறிபோன நிலத்துக்காக 1971-இல் 45 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. நிலம் திரும்பவில்லை. சந்ததியினர் பலர் இப்போது ஃபோர்ட் ஹாலில், ஷோஷோனி-பேனக் பழங்குடிகளின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்படுகிறார்கள். லெம்ஹை மக்களைத் தனிப் பழங்குடியாக அங்கீகரிக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டும் மத்திய அரசு இன்னும் அங்கீகரிக்கவில்லை. சகாகவியாவின் உருவத்தை மட்டும் 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு டாலர் நாணயத்தில் அச்சிட்டுவிட்டது.