'சில்ட்ரன் ஒஃப் பிளட் அன்ட் போன்' நாவலைப் பதினாலு வயது மகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். மகள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள், அதில் என்ன நல்லது, என்ன குறை என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாசித்த பிரதிதான் என்னிடமும் வந்தது.

எழுதியவர் டொமி அடெயெமி, நைஜீரியப் பூர்வீகமுள்ள அமெரிக்கர். 2018இல் வந்த அவருடைய முதல் நாவல் இது. ஒரிஷா என்ற கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. யொரூபா மக்களின் தெய்வங்களும் மொழியும்தான் அதற்கு அடித்தளம். மந்திர வம்சத்தில் பிறந்தவர்களை அவர்களுடைய வெள்ளை முடியே காட்டிக் கொடுத்துவிடும். கதை தொடங்க 11 வருடங்களுக்கு முன்பு மந்திரம் இல்லாமல் போகிறது. அந்தச் சமயம் பார்த்து சாரன் என்ற அரசன் அந்த வம்சத்துப் பெரியவர்களைக் கொன்று தீர்க்கிறான். அதில் தாயைப் பறிகொடுத்த கதாநாயகி ஸேலிக்கு இப்போது 17 வயது. மந்திரத்தைத் திரும்பக் கொண்டுவர அவள் எடுக்கும் முயற்சிதான் கதை.

நாவலின் பெரிய பலம், ஒடுக்குமுறையை அன்றாட வாழ்க்கைக்குள் வைத்துக் காட்டுவது. தொடக்கக் காட்சியையே பாருங்கள். தையல்காரக் கிழவி ஒருத்தி ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இரகசியமாகச் சிலம்பம் மாதிரி ஒரு கலை பழக்குகிறாள். காவலர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் தடிகள் மறைகின்றன, துணியும் ஊசியும் கைக்கு வருகின்றன. வந்தவர்கள் கேட்பது வரி. ஏற்கனவே கட்டியாயிற்று, ஆனால் தொகை கூடிவிட்டதாம். கட்ட முடியாதவர்கள் கட்டாய வேலைக்குப் போக வேண்டும். இத்தனைக்கும் மந்திரம் என்று ஒன்றும் இன்னும் வரவில்லை, ஆனால் அந்த நாடு எப்படிப்பட்டது என்று முழுக்க விளங்கிவிடுகிறது.

"வரி கட்டிட்டாங்கதானே மிஸ், பிறகு ஏன் பயப்படுறாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தமிழர் என்று தெரியக்கூடாதென்று பஸ்ஸில் ஏறுமுன் பொட்டை அழித்துவிட்டு ஏறிய அம்மம்மாக்கள் இருக்கும் ஊரில் எங்கள் வயதுக்காரருக்கு அந்தக் கேள்வியே வராது. 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வருகிறது, வரத்தான் வேண்டும். அன்று வகுப்பு முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே போனது. வீட்டில் பேசத் தயங்கும் விஷயத்தை ஒரு கற்பனை நாட்டின் கதை பேச வைத்ததே, அதற்காகவே இந்த நாவல் மேல் எனக்கு மரியாதை.

இன்னொன்று, அரசனின் கொடுமைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவனுடைய முதல் குடும்பத்தை மந்திரக்காரர்கள்தான் கொன்றார்கள். அப்படியென்றால் அந்தச் சக்தி திரும்பி வரத்தான் வேண்டுமா? இந்தச் சந்தேகத்தை ஆசிரியர் மூடி மறைப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அரசனின் மகள் அமாரி. தன் தோழியைத் தகப்பனே கொன்றதைப் பார்த்த பிறகு, நிமிர்ந்து பேசவே பயந்தவள் மந்திரத்தைத் திரும்ப எழுப்பக்கூடிய ஒரு சுருளைத் திருடிக்கொண்டு அரண்மனையை விட்டு ஓடுகிறாள். அந்தப் பயம் அவளை விட்டு ஒரே நாளில் போய்விடுவதில்லை, அதுதான் அழகு.

சரி, குறைகளுக்கு வருகிறேன். என்னால் ஏற்கவே முடியாதது ஸேலிக்கும் அமாரியின் அண்ணன் இளவரசன் இனானுக்கும் வரும் காதல். துரத்தி வருபவன் அவன். அவன் கூட்டி வந்த படை அவள் ஊரையே எரித்திருக்கிறது. அதற்குப் பிறகு கனவுவெளியில் சில சந்திப்புகள், கொஞ்ச நாளில் காதல்! இனானுக்குள்ளும் மந்திரம் விழித்து, அவன் தன்னையே வெறுக்கும் பகுதிகள் அருமையானவை. அதை அப்படியே வளர்த்திருந்தால் போதும். முதல் பாதியில் அவ்வளவு கவனமாகக் கட்டிய கோபத்தை இந்தக் காதல் கரைத்துவிடுகிறது.

ஸேலி, அமாரி, இனான் மூவரும் மாறி மாறித் தன்மையில் கதை சொல்கிறார்கள். ஆனால் அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரை மறைத்துவிட்டு வாசித்தால், பல இடங்களில் யார் பேசுகிறார்கள் என்று பிரித்தறிவது கஷ்டம். வேகமும் அளவுக்கு மிஞ்சியது. சுருள், கத்தி, கல் என்று ஒவ்வொன்றாகத் தேடி ஓட்டம், சண்டை, திரும்ப ஓட்டம். ஒரு மரணத்துக்கு அழக்கூட ஆட்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. பிள்ளைகளோ அந்த வேகத்துக்காகத்தான் 500 பக்கத்துக்கு மேல் கீழே வைக்காமல் வாசித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இரத்தம் நிறைய. பிற்பகுதியில் வரும் சித்திரவதைக் காட்சி உண்மையிலேயே கடுமையானது, அதை மட்டும் நீங்கள் முதலில் வாசித்துவிடுங்கள். பின்னுரையை மகள் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிராயுதபாணிகளான கறுப்பினத்தவர் பொலிஸாரால் சுடப்பட்ட செய்திகளைப் பார்த்து எழுந்த பயமும் கோபமும்தான் இந்தக் கதையை எழுத வைத்தன என்று அதில் ஆசிரியரே சொல்கிறார். மூன்று பாகத் தொடரின் முதல் பாகம் இது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே இறக்குமதிப் புத்தகங்கள் விற்கும் விலைக்கு மூன்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். இதை முடித்துவிட்டு அவளே கேட்டால் அடுத்ததைப் பார்க்கலாம்.