ரோஸோவில் ஆற்றுக்குப் பத்து நிமிடம், கரைக்கு மூன்று மணி நேரம்

கேள்வி: டிசம்பரில் செனகல் போகிறேன். டாக்கரிலிருந்து தரைவழியாக மொரிட்டேனியாவின் நுவாக்சோட்டுக்குத் தனியாகப் போக ஆசை. வழியில் ரோஸோ என்ற ஊரில் படகில் எல்லை கடக்க வேண்டுமாம். அந்த இடத்தைப் பற்றி ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். ஃபெர்ரியில் போவதா, சின்னப் படகிலா? தரகர்களை எப்படிச் சமாளிப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பயமுறுத்தியவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் ஒரு பயமும் இல்லை. செனகல் ஆறுதான் அங்கே எல்லை. தென்கரையிலும் ரோஸோ, வடகரையிலும் ரோஸோ. ஃபெர்ரி ஏறினால் பத்து நிமிடம்போலத்தான் ஆகும். ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் காகிதத்தோடும் ஆட்களோடும் மல்லுக்கட்டுவதில்தான் மூன்று மணி நேரம் போய்விடும்.

அதனால் கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். டாக்கரிலிருந்து ரோஸோ சுமார் 370 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்க் கடந்துவிடலாம் என்று நினைத்தால் மதியம் போய் நிற்பீர்கள். நண்பகலில் சாப்பாடு, தொழுகை என்று ஃபெர்ரி இரண்டு மூன்று மணி நேரம் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். மாலையோடு எல்லை மூடிவிடும். அந்த இடைவெளியில் வெயிலில் பையோடு நிற்கும் வெளிநாட்டுக்காரர்தான் தரகர்களுக்கு அன்றைய வருமானம். முந்தின நாளே வழியில் உள்ள செயின்ட் லூயி நகருக்கு வந்து தங்கிவிடுங்கள். அங்கிருந்து ரோஸோ சுமார் நூறு கிலோமீட்டர்தான். விடிந்ததும் கார் ஸ்டாண்டுக்குப் போனால் ஏழு பேர் ஏற்றும் பழைய பெஜோ கார் நிற்கும், ‘செட் பிளாஸ்’ என்பார்கள். ஆள் நிரம்பியதும் கிளம்பும். ஒன்பது மணிக்கெல்லாம் ஆற்றங்கரையில் இருப்பீர்கள்.

கார் நின்றதும் நாலு பேர் சூழ்வார்கள். உங்கள் பை ஒருவர் தோளில் ஏறியிருக்கும். என் முதல் பயணத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர், கழுத்தில் ஏதோ அட்டையைத் தொங்கவிட்டபடி, “பாஸ்போர்ட், பாஸ்போர்ட்” என்று கை நீட்டினார். அதிகாரி என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் போகும் இடமெல்லாம் நான் பின்னால் போக வேண்டியதாயிற்று. ‘வரி’ என்றார், ‘முத்திரைக் கட்டணம்’ என்றார், ‘படகுக்காரருக்கு’ என்றார். கடைசியில் சீருடையில் இருந்த உண்மையான அதிகாரி, என் முகத்தையும் புத்தகத்தையும் ஒரு பார்வை பார்த்து, முத்திரை குத்தி, காசே கேட்காமல் நீட்டினார். வெள்ளை அங்கிக்காரர் அதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

ஆகவே விதி இதுதான்: சீருடை போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் பாஸ்போர்ட். யாராவது கட்டணம் என்றால், “ரசீது” என்று பிரெஞ்சில் கேளுங்கள், ‘ரெஸ்யூ’. ரசீது தரமுடியாத கட்டணங்கள் பாதி அந்தச் சொல்லிலேயே கரைந்துவிடும். கோபப்படாதீர்கள், குரல் உயர்த்தாதீர்கள். “சலாம் அலைக்கும்” சொல்லி, நலம் விசாரித்து, மெதுவாகப் பேசுகிறவருக்கு அங்கே மரியாதை உண்டு. தரகர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்றும் சொல்லமாட்டேன். பெரிய பை, பிரெஞ்சு சுத்தமாக வராது என்றால் ஒருவரைத் தொகை பேசி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பணம் மறுகரையில், முத்திரை விழுந்த பிறகு.

இப்போது உங்கள் கேள்வி: ஃபெர்ரியா, படகா? ஃபெர்ரி கரையில் நின்றால் ஃபெர்ரி. லாரி, ஆடு, அரிசி மூட்டை எல்லாவற்றோடும் நின்றுகொண்டு போவீர்கள். இறங்குவது நேராக மொரிட்டேனியச் சோதனை வளாகத்துக்குள். ஃபெர்ரி மறுகரையில் தூங்குகிறது என்றால் ‘பிரோக்’ என்ற நீள மரப்படகு. கூட ஏறும் உள்ளூர் அம்மா என்ன கொடுக்கிறார் என்று பார்த்து அதையே நீட்டுங்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கப்படவேண்டாம். ஆற்றில் வெள்ளம் செப்டம்பர், அக்டோபரில்தான் உச்சம். டிசம்பரில் அமைதியாகவே இருக்கும்.

ஆனால் பிரோக்கில் ஒரு கண்ணி உண்டு. படகுக்காரர் அவசரப்படுத்துவார். செனகல் போலீஸ் சாவடியில் வெளியேறும் முத்திரை வாங்காமல் ஏறிவிடாதீர்கள். முத்திரையில்லாமல் மறுகரையில் நின்றால் இரண்டு நாட்டுக்கும் நீங்கள் சொந்தமில்லை. திரும்பிப் போய் வாங்கி வா என்பார்கள். அதேபோல் இறங்கியதும் முதல் வேலை மொரிட்டேனியச் சாவடி. டீ அப்புறம்.

விசா: முன்பு எல்லையிலேயே போய் வாங்கலாம். 2025 ஜனவரியிலிருந்து இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கிப் போக வேண்டும். அதை அச்செடுத்து வையுங்கள், போனைக் காட்டினால் போதும் என்று இருக்காதீர்கள். எல்லையில் கைரேகை, புகைப்படம் எடுத்த பிறகே விசா ஒட்டுவார்கள். கட்டணத்துக்கு யூரோ நோட்டு சில்லறையாக இருக்கட்டும். செனகல் விதிகளை டிக்கெட் போடுமுன் அவர்கள் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம்மூர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். மதுபானம் ஒரு புட்டிகூட வேண்டாம், மொரிட்டேனியாவில் தடை.

பணத்தில் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவார்கள். செனகலின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு யூரோவோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது, ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க், அதில் குழப்பமில்லை. மொரிட்டேனியாவின் நாணயமான ஊகியாவில்தான் வினை. 2018-இல் ஒரு சைபரை வெட்டி, பத்து பழைய ஊகியாவை ஒரு புதிய ஊகியா ஆக்கினார்கள். நோட்டு மாறியது, நாக்கு மாறவில்லை. கடைக்காரர் “நாலாயிரம்” என்பார். கொடுக்க வேண்டியது நானூறு. விலை கேட்டதும் “பழசா, புதுசா?” என்று கேட்டுவிடுங்கள். கரையில் அன்றைய வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். எண்ணிய நோட்டை அவர் திரும்ப வாங்கி ‘சரிபார்த்து’க் கொடுத்தால், இன்னொருமுறை நீங்கள் எண்ணுங்கள்.

இந்தக் கூத்தே வேண்டாம் என்பவர்கள் இதே ஆற்றில் உள்ள டியாமா அணை மேலே போகிறார்கள். அது செயின்ட் லூயிக்குப் பக்கம், படகே தேவையில்லை. ஆனால் வடகரையில் பொதுப் போக்குவரத்து இல்லை. சொந்த வண்டி இருப்பவர்களுக்கே அந்த வழி. ரோஸோவிலேயே 1,461 மீட்டர் நீளப் பாலத்துக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அது திறந்துவிட்டால் நான் எழுதியதில் படகைக் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகரையிலிருந்து நுவாக்சோட் சுமார் 200 கிலோமீட்டர். வழியெல்லாம் சோதனைச் சாவடி. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகலை ‘ஃபிஷ்’ என்று கேட்பார்கள். இருபது நகல் ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி உங்கள் விவரத்தை நோட்டில் எழுதும்வரை வண்டியிலிருக்கும் அத்தனை பேரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷேர் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டு பேரை அடைப்பது வழக்கம். இரண்டுக்கும் நீங்களே காசு கொடுத்துவிடுங்கள், கால் நீட்டிக்கொண்டு போகலாம்.