மீன் தொட்டி விளக்கின் கெல்வின் எண் எதைச் சொல்கிறது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். இரண்டடி நீளமுள்ள தொட்டியில் கப்பி மீன்களும் வாலிஸ்நேரியா செடிகளும் வளர்க்கிறேன். எண் கூடினால் வெளிச்சமும் கூடும் என்று கேள்விப்பட்டு, 10,000 கெல்வின் எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டினேன். இரண்டு மாதத்தில் செடிகள் மெலிந்துவிட்டன. சிவப்பு வால் கப்பிகள் வெளிறித் தெரிகின்றன. கண்ணாடியில் பாசி படிகிறது. 6,500 கெல்வினுக்கு மாற வேண்டுமா?

பதில்: மாறுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறைகளில், மீன் வெளிறித் தெரிவதற்கு மட்டுமே அந்த எண்ணை நேரடியாகப் பொறுப்பாக்க முடியும்.

கொல்லன் உலையில் இரும்பு காயும்போது முதலில் செந்நிறமாகவும், பிறகு மஞ்சளாகவும், இறுதியில் வெண்மையாகவும் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பொருளை அதற்கு மேலும் சூடேற்ற முடிந்தால் அதன் ஒளியில் நீலம் ஏறிக்கொண்டே போகும். எந்த வெப்பநிலையில் எந்த நிறம் என்ற இந்தக் கணக்கைத்தான் நிறவெப்பநிலை என்கிறோம், அதை அளக்கும் வெப்பநிலை அலகுதான் கெல்வின். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின். நண்பகல் வெயில் 5,500-ஐ ஒட்டியது. கடைகளில் ‘கூல் டேலைட்’ என்று விற்கும் வெள்ளை விளக்கு 6,500. அதைத் தாண்டினால் நீலச் சாயல் கூடும். எல்.இ.டி. உண்மையில் அவ்வளவு சூடாவதில்லை, நிறத்தை ஒப்பிட்டே அந்த எண்ணைத் தருகிறார்கள். ஆகவே கெல்வின் என்பது ஒளியின் சாயலைக் குறிக்குமே தவிர, அதன் அளவைக் குறிக்காது. மிகச் சிறிய விளக்குகூட 10,000 கெல்வினாக இருக்கலாம்.

இவ்வளவு நீலமான விளக்கு பெரும்பாலும் கடல்நீர்த் தொட்டிகளுக்கானது. நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடுவதால், தெளிந்த கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் நீலமே மேலோங்கி நிற்கிறது. பவளங்களுக்குள் வாழும் நுண்பாசிகள் அந்த ஒளிக்குப் பழகியவை. (உங்கள் ஊர்த் தேவனாம்பட்டினக் கரையோரக் கலங்கல் நீரை வைத்து இதைக் கற்பனை செய்ய வேண்டாம்.) செடியின் பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் கூடுதலாக எடுத்துக்கொள்வது. உங்கள் விளக்கில் சிவப்பின் பங்கு குறைவு. கப்பியின் வாலில் சிவப்பு ஒளி விழுந்தால்தானே அது சிவப்பைத் திருப்பிக் காட்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 6,500 என்று எழுதிய இரண்டு விளக்குகள் ஒரே மாதிரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றை வெவ்வேறு விதமாகக் கலந்தும் அதே வெண்மையைப் பெறலாம். வீட்டில் பழைய சி.டி. ஒன்று இருந்தால், அதன் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். டியூப் லைட்டாக இருந்தால் நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து தெரியும், எல்.இ.டி.யில் நீலம் பளிச்சென்று தெரிந்து, அதன் அருகே சற்று இருண்டு, பிறகு பச்சை முதல் சிவப்பு வரை தொடர்ச்சியாக நீளும். அந்தச் சிவப்பு முனை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விளக்கு பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண்ணே சி.ஆர்.ஐ.; வாங்கும்போது பெட்டியில் அது 80-க்கு மேல், முடிந்தால் 90, என்று இருக்கிறதா எனப் பாருங்கள். டியூப்பில் 865 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் 8 அந்தச் சி.ஆர்.ஐ. எண்பதுகளில் இருப்பதையும், 65 என்பது 6,500 கெல்வினையும் குறிக்கும். 840 என்றால் 4,000 கெல்வின்.

ஒளியின் அளவுக்கு லூமெனைப் பாருங்கள். அது மனிதக் கண்ணுக்கான அளவுகோல், செடிக்கானது அன்று. இருந்தாலும் வெள்ளை விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். இரண்டடித் தொட்டி ஓரடி அகலமும் ஓரடி உயரமும் இருந்தால் சுமார் 55 லிட்டர் கொள்ளும். வாலிஸ்நேரியாவுக்கு லிட்டருக்கு 20 லூமென் என்பது வளர்ப்போர் கையாளும் உத்தேசக் கணக்கு. அதன்படி 1,100 லூமென், அதாவது 10 முதல் 12 வாட் வரையிலான நல்ல எல்.இ.டி. பட்டை போதும். இப்போதைய விளக்கின் லூமென் இதைவிடக் குறைவாக இருந்தால், செடி மெலிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பாசிக்கு நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, தொட்டியின் மீது காலை வெயில் நேராக விழுகிறதா, மீன்களுக்குத் தீனி மிகுதியா என்பவற்றைத்தான் கவனிக்க வேண்டும். டைமர் ஒன்றைப் பொருத்தி, நாளுக்கு ஏழு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள்.

விளக்கை மாற்றிய பிறகு பழைய இலைகளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். மெலிந்த இலை மீண்டும் தடிக்காது. மூன்று வாரம் கழித்து, செடியின் நடுவிலிருந்து எழும் புதிய இலையின் அகலத்தையும் பச்சையையும் பாருங்கள். அதுவும் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். அதை எந்த விளக்காலும் சரிசெய்ய இயலாது.